வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு வலை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மக்கும் குப்பையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் தொடப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும், அந்தத் தப்புக்குப் பிறகும் என்னோடு நின்ற சிலரைப் பற்றியும் சொல்கிறேன்.

உங்கள் நியமன ஆணையில் 'திடக்கழிவு மேலாண்மை மேற்பார்வையாளர்' என்று அச்சடித்திருப்பார்கள். நான் சேர்ந்தபோது குப்பை சூப்பர்வைசர் என்றுதான் பெயர். டி. கல்லுப்பட்டிப் பக்கத்து ஊரில் என் அப்பா, "பையன் மதுரையில சூப்பர்வைசரா இருக்கான்" என்று பாதியை மட்டும் சொல்லிக்கொள்வார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. குப்பை அள்ளும் ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு நிறுவனத்தில் வேலை. பெயர் வேண்டாம், இப்போது அந்த நிறுவனம் இல்லை. கோரிப்பாளையமும் அதை ஒட்டி வைகைக் கரை வரைக்கும் உள்ள தெருக்களும் என் பொறுப்பு.

ஒரு நாள் காலை, பாண்டியம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். பாண்டியம்மா எங்களிடம் தள்ளுவண்டி ஓட்டிய தூய்மைப் பணியாளர். என் வயதுதான். எந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதைக் குப்பையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"அண்ணே, இந்தக்கா சிக்னல்ல நின்னு, குப்பைக்கு யாரு அதிகாரின்னு போற வாற ஆளையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னாக. அதான் கூட்டியாந்தேன்."

அந்தப் பெண்ணின் பெயர் காளீஸ்வரி. ராமநாதபுரம் தாண்டி, வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரையோர ஊர். கடலுக்குள் இறங்கி, மூச்சடக்கி முங்கி, கடற்பாசி பறித்து விற்பது அவர் தொழில். வீட்டுக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன், அதற்காக மதுரைக்கு வந்திருந்தார். அவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, ஒரு உரச்சாக்கைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தேடி வந்திருக்கிறார்.

சாக்கை அவிழ்த்து என் மேசை மேல் கொட்டினார். எல்லாம் பிளாஸ்டிக் கவர்கள். கழுவி, காய வைத்து, துணி மடிப்பது போல மடித்திருந்தார்.

"படிச்சுப் பாருங்க சார்" என்றார்.

படித்தேன். ஜவுளிக்கடை, பிரியாணிக்கடை, மருந்துக்கடை, கறிக்கடை. ஒவ்வொன்றின் கீழும் கோரிப்பாளையம், மதுரை என்று இருந்தது.

"ஆத்துல தண்ணி பெருகுற வருசமெல்லாம் உங்க ஊரு எங்க கடலுக்கு வந்துருது சார். தண்ணிக்குள்ள பாசின்னு நெனச்சுப் புடிச்சா கவரு. எங்க ஆளுக வலைய இழுத்தா பாதி மீனு, பாதி கவரு. ஆமை ஒண்ணு கவர முழுங்கிட்டுக் கரையில செத்துக் கெடந்துச்சு. நான் சண்டைக்கு வரல. மதுரைக்கு வாரோமே, யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னுதான் வந்தேன்."

அவர் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்குக் கிளம்பியது நான்தான்.

அந்தக் கவர்களில் பெரும்பாலானவை ஒரே கறிக்கடையின் பெயரோடு இருந்தன. காதர் பாய் கடை. தர்காவுக்குப் போகும் வழியில் மூன்று தலைமுறையாக இருக்கும் கடை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடை வாசலில் கூட்டம் நெரியும் நேரம் பார்த்து, சாக்கோடு போய் நின்றேன். என்னோடு பாண்டியம்மாவும் இன்னும் மூன்று பணியாளர்களும். செல்போனில் படம் எடுக்க ஒருவரை ஏற்பாடு செய்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலிடத்துக்கு அனுப்பிப் பெயர் வாங்கலாம் என்ற நினைப்பு.

கடைப் படியில் சாக்கைக் கவிழ்த்தேன்.

"என்ன பாய், உங்க பேரு கடல் வரைக்கும் நாறுது! கறி விக்கத் தெரிஞ்ச ஆளுக்கு கவர ஒழுங்கா போடத் தெரியாதா?"

கறி வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காதர் பாய்க்கு அப்போதே அறுபது வயது இருக்கும். கத்தியைக் கட்டை மேல் வைத்தார். கையைத் துடைத்தார். குனிந்து ஒரு கவரை எடுத்து, கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"சார், இதுல இருக்குறது பழைய லேண்ட்லைன் நம்பரு. அந்த போனே இப்ப கெடையாது. கவர்ல பேரு போடுறத நான் நிப்பாட்டி வருசமாச்சு."

"அப்ப இது எப்படி பாய் கடலுக்குப் போச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் கடைக் குப்பை அம்புட்டையும் தெனம் உங்க வண்டியிலதான் போடுறேன். இந்தா நிக்கிதே பாண்டியம்மா, கேளுங்க. நான் வண்டியில போட்டதுக்கு அப்புறம் அது எங்க போகுதுன்னு நீங்கதான் சார் சொல்லணும்."

குரலை உயர்த்தவே இல்லை அவர். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் ஏதோ சொல்லி மிரட்டிவிட்டு வந்துவிட்டேன். சிதறிய கவர்களைப் பாண்டியம்மாதான் குனிந்து பொறுக்கினார்.

திரும்பி வரும் வழியில் பாண்டியம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டே என்னிடம் கேட்டார். "அண்ணே, நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி யோசிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். தள்ளுவண்டிகள் தெருத்தெருவாக அள்ளி வரும் குப்பையை ஒரு லாரி வந்து எடுத்துப்போக வேண்டும். கோரிப்பாளையம் நெரிசலில் லாரி தினமும் பிந்தும். லாரி வரும்வரை வண்டிகள் குப்பையோடு நடுத்தெருவில் நிற்கும், ஆட்கள் சத்தம் போடுவார்கள், எனக்கு மேலிருந்து போன் வரும். ஒரு நாள் எரிச்சலில் நான் சொன்னேன்: "வாய்க்கால் கரையில கொட்டி வைங்க. லாரி வாரப்ப அள்ளிக்கிடலாம். ஒரு வாரம் சமாளிப்போம்." அந்த ஒரு வாரம் சில வருடங்களாக நீண்டுவிட்டது. லாரி அள்ளியது போக மிச்சம் கரையில் கிடக்கும். மழை பெய்தால் சரிந்து வாய்க்காலில் விழும். வாய்க்கால் வைகையில் விழும். என் தெருக்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

"இத ஏன் பாண்டியம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எங்கண்ணே கேட்டீங்க? கொட்டுன்னீங்க, கொட்டுனோம்."

அன்றைக்கு மத்தியானம் நான் மட்டும் வாய்க்கால் கரைக்குப் போனேன். அங்கே சேர்ந்திருந்த குப்பை மேட்டை ஒரு குச்சியால் கிளறினேன். அடியில், மண்ணோடு மண்ணாக, லேண்ட்லைன் நம்பர் போட்ட கவர்கள் இருந்தன. ஒரு நல்ல மனுஷனை அவர் கடை வாசலிலேயே, அவருடைய வாடிக்கையாளர்கள் முன்னால் அசிங்கப்படுத்திவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் என் தப்புக்காக.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "சத்தமில்லாம அள்ளி மூடிருங்க. யார்கிட்டயும் வாயத் தெறக்காதீங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாள் வரை நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நோயாளியை விட்டுவிட்டு வெயிலில் அலைந்து தேடி வந்ததை நினைத்தால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்குக் காதர் பாய் கடைக்குப் போனேன். இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கடைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அங்கே அவரைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கால்கூட அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பிறகு, நான் பேசியது வாசலில் அல்லவா என்று தோன்றியது. வாசலிலேயே நின்று, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"போன வாரம் இங்க நின்னு பாய பேசுனது நான்தான். தப்பு அவருமேல இல்ல. குப்பைய வாய்க்கால் கரையில கொட்டச் சொன்னது நானு. பாய் என்ன மன்னிக்கணும்."

காதர் பாய் கறி வெட்டுவதை நிறுத்தவில்லை. முன்னால் நின்ற அம்மாவுக்கு நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"கோவம் இன்னும் இருக்கு சார். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். போன வாரத்துக்கு இப்ப கொஞ்சம் கொறைஞ்சிருக்கு." அடுத்த கறியை எடுத்துக் கட்டையில் வைத்துக்கொண்டே, "அந்தச் சாக்கக் கொண்டாந்த அம்மா யாரு? அவங்கள நான் ஒரு தடவ பாக்கணும்" என்றார்.

பாண்டியம்மாவும் மற்ற வண்டிக்காரர்களும் சேர்ந்து லாரிப் பிரச்சினைக்கு ஒரு வழி சொன்னார்கள். நெரிசல் தொடங்குவதற்கு முன்னால் லாரி வந்து நின்றுவிட்டால் போதும், அதற்குத் தகுந்தாற்போல நாங்கள் முன்கூட்டியே கிளம்பிவிடுகிறோம் என்றார்கள். இத்தனை வருடம் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டதும் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. கரை மேட்டை அள்ளி முடிக்க அதைவிட அதிக நாளானது. தெருக்காரர்கள் தாங்களாகவே மண்வெட்டியோடு வந்தார்கள். தினமும் மத்தியானம் காதர் பாய் கடையிலிருந்து எல்லாருக்கும் டீ வரும். எனக்கும் வரும். முதல் சில நாட்கள் எனக்கு மட்டும் சர்க்கரை கம்மியாக இருந்தது போலத் தோன்றியது. என் மனக் குற்றமாகவும் இருக்கலாம்.

வீட்டுக்காரரின் கண்ணை மறுபடி காட்டுவதற்காகக் காளீஸ்வரி வந்தபோது நேராகக் கறிக்கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். காதர் பாய் கடையை விட்டு இறங்கி வந்து கும்பிட்டார்.

"எம்பேரு போட்ட கவரு உங்க கையில சிக்கியிருக்கும்மா. யாரு கொட்டுனதா இருந்தாலும் பேரு எம்பேருதான். மனசுல வச்சுக்காதீங்க."

"அய்யய்யோ, என்னங்க பாய், நீங்க போயி..." என்று காளீஸ்வரி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பாண்டியம்மாவையும் சேர்த்து நாலு பேரும் வாய்க்கால் கரைக்கு நடந்து போனோம். எங்கள் மேட்டை எடுத்துவிட்டோம், சரி. ஆனால் மேலே எத்தனையோ தெருக்களின் குப்பை அந்த வாய்க்காலில் மிதந்து வந்துகொண்டேதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் காளீஸ்வரிதான் சொன்னார்.

"எங்க ஊருல கிழிஞ்ச வலை எம்புட்டோ கெடக்கு சார். அதுவும் கடலுக்குள்ளதான் போயிக் கெடந்து பாழாக்குது. இங்க குறுக்கால கட்டுனா இதெல்லாம் நின்னுறாதா?"

அடுத்த மாதமே அவர் ஊரிலிருந்து இரண்டு பேர் பஸ்ஸில் வலையைக் கொண்டுவந்து, வாய்க்கால் வைகையில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வாய்க்கால் ஓரத்து வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு, வலையில் சேர்ந்ததைத் தினமும் கொக்கி போட்டு இழுத்து எடுத்தார்கள். காதர் பாய் கடையில் பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கு ஒரு எலும்புத் துண்டு சும்மா கிடைத்தது. அந்த ஒரு எலும்புக்காகத் தெருவெல்லாம் தூக்குவாளி நடமாடத் தொடங்கியது. வலையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். எனக்கு மறுபடியும் கொஞ்சம் தலை வீங்க ஆரம்பித்தது.

ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மதுரை மழை உங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் பெய்தாலே சாலை எது, சாக்கடை எது என்று தெரியாது. அன்றைக்கு ரெண்டு மணி நேரம் விடாமல் பெய்தது. பாண்டியம்மா போன் செய்தார்.

"அண்ணே, ஓடியாங்க. வலையில அடைச்சு தண்ணி ஏறுது."

நான் போய்ச் சேர்ந்தபோது வலை தெரியவில்லை. பாட்டிலும் கவரும் தெர்மாகோலும் வாழைமட்டையும் ஒரு சுவர் மாதிரி அடைத்துக்கொண்டு நின்றன. அதற்குப் பின்னால் தண்ணீர் கரை மட்டத்துக்கு வந்துவிட்டது. கரையில் கடைசி வீடு சுமதி வீடு. தையல் வேலை செய்பவர். பாதித் தெருவின் தீபாவளித் துணி அந்த வீட்டுத் தரையில்தான் மூட்டை மூட்டையாக இருந்தது. படுத்த படுக்கையாக மாமியார் வேறு. சுமதி துணிகளைக் கட்டிலின் மேல், கிழவியைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வாசற்படியில் ஏறி, உள்ளே நீளமாக ஒரு கோடு போட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கொக்கியை வாங்கி, அடைப்பை இழுத்துப் பார்த்தேன். நாலு பேரைக் கூப்பிட்டு இன்னொரு பக்கம் இழுக்கச் சொன்னேன். ஒரு பாட்டிலை எடுத்தால் பத்து வந்து அடைத்தது. வலையை அறுக்க வேண்டும் என்பது பார்த்த மறுநிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அறுத்தால் அம்புட்டும் ஆற்றுக்குப் போகும், ஆற்றிலிருந்து காளீஸ்வரி கடலுக்குப் போகும். எதைத் தடுக்கிறோம் என்று அவரிடம் வாக்குக் கொடுத்தோமோ, அதை என் கையாலேயே அனுப்ப வேண்டும். அதோடு, ஊரெல்லாம் பார்த்துவிட்டுப் போன வலை. அதுவும் மனதில் ஓடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பாண்டியம்மா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினார். "அண்ணே, என்ன பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? கெழவி கட்டில்ல கெடக்கு!"

நான் செல்போனை எடுத்துக் காளீஸ்வரிக்குப் போன் போட்டேன்.

மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நிலைமையைச் சொன்னேன். அறுத்தால் உங்களிடம்தான் வரும், என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள ஆளு இருக்கா?"

"இருக்காங்கம்மா."

"அப்ப என்னைய ஏன் சார் கேட்டுக்கிட்டு இருக்கீங்க? அறுத்து விடுங்க. எங்ககிட்ட வந்தா நாங்க பொறுக்கிக்கிறோம்."

அருவாளை வைத்து இழுத்தோம். நைலான் கயிறு, தண்ணீரின் இழுவையில் இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. அருவாள் வழுக்கியது. அப்போதுதான் காதர் பாய் வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடையில் எலும்பு வெட்டும் கனத்த கத்தியைக் கையில் பிடித்திருந்தார். "தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டோம். ஒரு கையால் வலை கட்டியிருந்த கம்பத்தைக் கட்டிப்பிடித்து, முதல் வெட்டு, இரண்டாவது வெட்டு. மூன்றாவது வெட்டில் கயிறு பட்டென்று தெறித்தது. மொத்த அடைப்பும் ஒரு பக்கமாகத் திறந்துகொண்டு ஆற்றுக்குள் பாய்ந்தது. பாயையும் சேர்த்து இழுத்தது. பாண்டியம்மா அவர் பனியனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பனியன் கிழிந்தது, ஆள் தங்கினார்.

சிறிது நேரத்தில் சுமதி வீட்டிலிருந்து தண்ணீர் இறங்கியது. கிழவிக்கு ஒன்றுமில்லை. கீழே இருந்த சில துணிகள் மட்டும் நனைந்திருந்தன. காதர் பாய் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "அல்லா காப்பாத்துனான். பனியன்தான் போச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

தம்பி, தங்கச்சிகளே, உங்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அந்த போனை நான் போட்டிருக்கக் கூடாது. அந்தப் பெண்ணிடம் மரியாதைக்குக் கேட்டேன் என்று பின்னால் பலரும் சொன்னார்கள். அது மரியாதை இல்லை, பயம். அறுத்தவன் நான் என்ற பெயர் வரக் கூடாது என்று, அந்த முடிவால் கஷ்டப்படப் போகிறவரின் வாயிலிருந்தே அதை வரவழைத்தேன். அதற்குள் தண்ணீர் சுமதி வீட்டு அடுப்பங்கரை வரை போய்விட்டது. உங்கள் வேலையில் இந்த மாதிரி நேரம் கட்டாயம் வரும். யாரையாவது கேட்கலாம் என்று கை போனைத் தேடும். பதில் தெரியாமல் கேட்கிறோமா, தெரிந்துகொண்டு கேட்கிறோமா என்று ஒரு நொடி பாருங்கள். தெரியும் என்றால் செய்துவிடுங்கள். செய்துவிட்டு, நான்தான் செய்தேன் என்று சொல்லுங்கள்.

அந்த வருடம் வைகை கடல் வரை போனது. சில நாள் கழித்துக் காளீஸ்வரி போன் செய்தார். "வந்துருச்சு சார்" என்று மட்டும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, வெள்ளாமை விளைந்த சேதி சொல்வது போலத்தான் சொன்னார். தீபாவளி முடிந்ததும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்வரலாம் என்று நினைத்தேன். காதர் பாயிடம் சொன்னபோது அவர் கேட்டார்.

"நீங்க ஒராளு போயி என்னத்தப் பொறுக்குவீங்க? வெள்ளம் வந்தது உங்க வீட்டுக்கா? நாங்களும் வாரோம்."

ஒரு வேன் பிடித்தோம். காதர் பாய், பாண்டியம்மா, வண்டிக்காரர்கள், வாய்க்கால் கரைக்காரர்கள் என்று வேன் கொள்ளாத கூட்டம். சுமதியும் வந்தார். மாமியாரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பாதிப் பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பாண்டியம்மா வழியெல்லாம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டுத் தூரம்? இம்புட்டுத் தூரமாண்ணே நம்ம குப்பை போயிருக்கு?" என்று கேட்டபடியே வந்தார்.

கரையில் இறங்கினோம். அலை ஒதுக்கிய கோடு முழுக்கக் கண்ணுக்கு எட்டிய தூரம் கலர் கலராகக் கிடந்தது. அது எல்லாமே எங்கள் வாய்க்காலிலிருந்து போனது என்று சொல்ல முடியாது. எத்தனையோ ஊர்களின் குப்பை அது. இருந்தாலும் எதுவும் எங்களுடையது இல்லை என்று தள்ளவும் முடியவில்லை. சாக்கைப் பிரித்துக்கொண்டு குனிந்தோம். ஊர்க்காரர்கள் முதலில் தூரத்தில் நின்று பார்த்தார்கள். யாரோ படம் எடுக்க வந்த கூட்டம் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் நாங்கள் நிமிராததைப் பார்த்த பிறகு, ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் குனிந்தார்கள். மத்தியானத்துக்குக் காளீஸ்வரியின் வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிய சட்டியில் மீன்குழம்பு வைத்தார். காதர் பாய் ரெண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டு, "கறிக்கடைக்காரன்னு சொல்லாதீங்க, வெக்கமா இருக்கு" என்றார்.

வலையை மறுபடி கட்டினோம். இந்த முறை அவர்கள் ஊர் ஆட்கள், ஒரு பக்கத்தை இழுத்தால் உடனே அவிழ்ந்துகொள்ளும் முடிச்சைப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். அதை இழுக்கும் அதிகாரம் வாய்க்கால் ஓரத்து வீட்டுக்காரர் யாருக்கும் உண்டு, என்னைக் கேட்க வேண்டியதில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த மழைகளில் மூன்று தடவை அவிழ்த்தார்கள். மூன்று தடவையும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் வேன் கிளம்பியது.

முதல் தடவை போன அன்று சாயங்காலம் கண்ட ஒரு காட்சியோடு முடித்துக்கொள்கிறேன். கிளம்பும் நேரம், சுமதியைக் காணவில்லை என்று தேடினோம். அவர் படகுகளுக்கு அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தார். எதிரில் காளீஸ்வரி. பாசி பறிக்கும்போது பாறை அறுக்காமல் இருப்பதற்காகக் காளீஸ்வரி விரலுக்கு விரல் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தார். சுமதி அதையெல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த தையல் டேப்பை எடுத்து, அவருடைய ஒவ்வொரு விரலையும் அளந்துகொண்டிருந்தார். விரலெல்லாம் தழும்பு.

"இத வச்சுக்கிட்டா இம்புட்டு நாளும் முங்குனீங்க? கெட்டித் துணியில உறை தச்சு அனுப்புறேன்க்கா. உங்களோட போற மத்தவங்களுக்கும் சேத்து. அவங்கள வரச் சொல்லுங்க, கையளவு எடுத்துக்கிர்றேன்."

காளீஸ்வரி கையை நீட்டியபடியே மற்றப் பெண்களைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் வந்து கையை நீட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். காதர் பாய் அவரைச் சத்தம் போட்டு நிறுத்தினார். அளவு எடுத்து முடியும்வரை நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அத்தனை வருட வேலையில் எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்த நேரம் வேறு இல்லை.

இப்போதும் அந்தப் பெண்கள் கடலுக்குப் போகிறார்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதமே, ஒரு லீவு நாளில் ராமநாதபுரம் பஸ் ஏறிப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். கோரிப்பாளையத்திலிருந்து வாரோம் என்று சொன்னால் போதும், உட்காரச் சொல்லி சோறு போடுவார்கள்.